கேனரிக்கும் வீட்டுக்கோழிக்கும் உடம்பு சரியில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேனரி இருபது கிராம் பறவை, கோழி இரண்டு கிலோ. தீனி வேறு, இருப்பிடம் வேறு. ஆனால் உடம்பு சரியில்லாதபோது இரண்டும் ஒன்றுபோலத்தான் நடந்துகொள்ளும்: முடிந்தவரை வெளியே காட்டிக்கொள்ளாது. இரண்டையும் வளர்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தந்திருக்கிறோம். மருத்துவரிடம் போகவேண்டிய நேரத்தை நீங்கள் தவறவிட்டுவிடக் கூடாது என்பதே இதன் நோக்கம்.

நேற்று மாலைவரை நன்றாகத்தானே இருந்தது. ஒரே இரவில் பறவை செத்துப்போகுமா?

பெரும்பாலும் அது ஒரே இரவில் வந்த நோயாக இருக்காது. பல நாளாக உள்ளே இருந்ததை அன்றைக்குத் தாங்க முடியாமல் போயிருக்கும். வெட்டவெளியில் சோர்ந்து நிற்கும் பறவைதான் பருந்தின் கண்ணில் முதலில் படும். கூட்டத்துக்குள்ளும் அதே கதைதான். தளர்ந்த கோழியை மற்றவை கொத்தித் துரத்தும். அதனால் தெம்பு இருக்கும்வரை பறவை தன்னை நன்றாக இருப்பதுபோலவே காட்டிக்கொள்ளும். நீங்கள் கூண்டருகே போனதும் கேனரி உப்பிய இறகைப் படியவைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்காரும். கிண்ணத்தில் தலையை விட்டு விதைகளைக் கிளறும், ஆனால் ஒன்றைக்கூட உடைத்துத் தின்னாது. நோய்க்கோழியும் மற்ற கோழிகளோடு ஓடிவந்து தரையைக் கொத்துவதுபோலப் பாவனை செய்யும்.

திடீர்ச் சாவும் இல்லாமல் இல்லை. நச்சுப்புகை, கடும் வெப்பம், முட்டை சிக்கிக்கொள்வது, கேனரி அம்மையின் தீவிர வகை, கடுமையான பறவைக் காய்ச்சல் இவையெல்லாம் சில மணி நேரத்தில், அல்லது ஓரிரு நாளில் உயிரை எடுத்துவிடும்.

இப்படி மறைக்கும் பறவையிடம் நோயை எப்படிக் கண்டுபிடிப்பது?

அதற்குத் தெரியாமல் பாருங்கள். அறையின் மறுகோடியிலிருந்து, அசையாமல், சில நிமிடம் பார்த்தாலே போதும். கோழிகளுக்கு இரண்டு நேரங்கள் முக்கியம். காலையில் கூண்டைத் திறந்ததும் எது கடைசியாக வெளியே வருகிறது, எது தீனிக்குப் போட்டி போடாமல் ஒதுங்குகிறது என்று கவனியுங்கள். அந்தி சாயும்போது எது வழக்கமான உயரத்துக்கு ஏறாமல் தரையிலேயே தங்கிவிடுகிறது என்று பாருங்கள்.

எந்தப் பட்டியலையும்விட உங்கள் பறவையின் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருப்பதுதான் பெரிது. சில கோழிகள் இயல்பிலேயே மந்தம், சில கேனரிகள் எப்போதும் படபடப்பு. நேற்று இருந்ததற்கு இன்று மாறியிருக்கிறதா என்பதே கேள்வி.

கண்ணால் பார்ப்பதோடு எடையும் பாருங்கள். ஒரு கிராம்வரை காட்டும் சிறிய தராசு இருந்தால் கேனரியை வாரம் ஒருமுறை சிறு பெட்டியில் வைத்து நிறுத்துக் குறித்துவையுங்கள். வழக்கமான எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், பார்க்க நன்றாக இருந்தாலும் அது நோய்தான். இருபது கிராம் பறவைக்கு அது வெறும் இரண்டு கிராம். கண்ணுக்குத் தெரியவே தெரியாது. கோழிக்கு மார்பெலும்பைத் தடவிப் பாருங்கள். இரு பக்கமும் சதை நிறைந்திருக்க வேண்டும். எலும்பு கத்திமுனைபோல விரலில் உறைத்தால் கோழி இளைத்துவிட்டது. இறகு மூடியிருப்பதால் எலும்பும் தோலுமான கோழிகூடக் கொழுத்த கோழியாகவே தெரியும்.

கேனரி உடம்பை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. குளிரா, நோயா?

குளிருக்கும் தூக்கத்துக்கும் எல்லாப் பறவையும் இறகை உப்பும். காலைப் பாருங்கள். நலமாகத் தூங்கும் கேனரி பெரும்பாலும் ஒரு காலை மடக்கி இறகுக்குள் வைத்துக்கொண்டு மற்றொரு காலில் நிற்கும். நோயுற்றது இரு கால்களாலும் குச்சியைப் பற்றிக்கொண்டு, கண் பாதி மூடியபடி, பகல் முழுக்க அப்படியே கிடக்கும். பகல் வெளிச்சத்தில், மற்றப் பறவைகள் தத்திக்கொண்டிருக்கும் நேரத்தில் ஒன்று மட்டும் உப்பி உட்கார்ந்திருந்தால் குளிர் என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். கூண்டின் தரையில் போய் உட்கார்ந்துவிட்டால் நிலைமை முற்றிவிட்டது என்று பொருள்.

பாட்டை நிறுத்திவிட்டது. பயப்பட வேண்டுமா?

முதலில் கூண்டின் தரையைப் பாருங்கள். இறகுகள் உதிர்ந்து கிடந்தால் அது வருடாந்தர இறகு உதிர்ப்பு. ஆறு முதல் எட்டு வாரம், சிலவற்றுக்கு இன்னும் கூடுதலாகவும் இது நீடிக்கும். அந்தக் காலத்தில் ஆண் கேனரி பாட்டை நிறுத்திவிடுவது இயல்பு. புது இறகு முளைக்க நிறையப் புரதம் வேண்டும் என்பதால் வேகவைத்த முட்டை போன்றவற்றைக் கொடுங்கள். பெண் கேனரி எப்போதுமே அதிகம் பாடாது.

இறகு உதிராமலேயே பாட்டு நின்றாலோ, குரல் கம்மினாலோ கவலைப்பட வேண்டும். மூச்சுக்குழாயிலும் காற்றுப்பைகளிலும் குடியேறும் செள்ளு என்ற நுண்ணிய ஒட்டுண்ணி கேனரிகளிடம் அடிக்கடி காணப்படும் தொல்லை. முதலில் பாட்டு குறையும். பிறகு தும்மல், அலகைக் குச்சியில் அடிக்கடி தேய்ப்பது, வாயைத் திறந்து மூச்சுவிடுவது என்று வளரும். இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கூண்டருகே காதைக் கொடுங்கள். மூச்சோடு சேர்ந்து ‘டிக் டிக்’ என்று மெல்லிய ஓசை கேட்டால் காலையிலேயே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். இதற்கு மருந்து உண்டு, ஆனால் அளவு ஒரு துளி கூடினாலும் இவ்வளவு சிறிய உடம்பு தாங்காது. வீட்டிலேயே அளந்து கொடுக்கக் கூடாது.

மூச்சுத் திணறலை எப்படி அடையாளம் காண்பது?

வாலைப் பாருங்கள். ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போது ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடினால் பறவை மூச்சுக்குப் பாடுபடுகிறது. பறந்து முடித்த கையோடு சற்று நேரம் ஆடுவது வேறு. கழுத்தை நீட்டி, அலகைத் திறந்து காற்றை இழுப்பது இன்னும் மோசமான கட்டம்.

கோழி வெயில் நேரத்தில் வாயைத் திறந்து இரைக்கும். பறவைகளுக்கு வியர்வை கிடையாது, சூட்டை வெளியேற்ற அதற்கு இரைப்பு முக்கியமான வழி. நிழலும் தண்ணீரும் கிடைத்தபின் அடங்கிவிட்டால் பயமில்லை. குளிர்ந்த காலையில் அதே இரைப்பு இருந்தால், மூச்சில் கரகரப்பு கேட்டால், கண்ணோரத்தில் நுரை தெரிந்தால், மூக்கு ஒழுகி முகம் ஒரு பக்கம் வீங்கினால் சுவாச நோய். முகவீக்கத்தோடு துர்நாற்றமும் இருந்தால் தொற்றும் கோழிச்சளியாக இருக்கலாம். அது தண்ணீர்த் தொட்டி வழியாகவே கூட்டம் முழுவதற்கும் பரவும். தலையை உதறி, கழுத்தை நீட்டிக் கொட்டாவிபோல வாயைப் பிளந்தால் மூச்சுக்குழாய்ப் புழுவும் காரணமாக இருக்கலாம்.

சமையல் செய்தபோது கேனரி இறந்துவிட்டது என்கிறார்கள். உண்மையாகவே நடக்குமா?

நடக்கும். ஒட்டாத பூச்சு பூசிய பாத்திரம் காலியாக அடுப்பில் காய்ந்து அளவுக்குமேல் சூடானால் அதிலிருந்து வரும் புகை மனிதருக்குத் தெரியாமலே பறவையைக் கொன்றுவிடும். பறவையின் நுரையீரலில் காற்று ஒரே திசையில் ஓடுகிறது. மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் புதுக்காற்று அதன் வழியே போகிறது. பறக்கத் தேவையான ஆக்சிஜனைத் தரும் அதே அமைப்புதான் நஞ்சையும் விரைவாக உள்ளே சேர்க்கிறது. 1890களில் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற விஞ்ஞானி சுரங்கங்களில் கார்பன் மோனாக்சைடைக் கண்டறியச் சிறு பறவைகளைக் கொண்டுபோகலாம் என்று சொன்னது இதனால்தான். பிரிட்டன் சுரங்கங்களில் 1986வரை கேனரிகள் அந்த வேலையைச் செய்தன. வீட்டில் எந்தப் பறவையும் அந்த வேலையைச் செய்ய வேண்டியதில்லை. கூண்டு சமையலறையில் இருக்கக் கூடாது. கொசுவர்த்திப் புகை, பூச்சிமருந்து, வாசனைத் தெளிப்பான் எதுவும் அதன் பக்கம் வரக் கூடாது.

எச்சத்தைப் பார்த்து என்ன தெரிந்துகொள்ளலாம்?

நிறையவே. கூண்டின் அடியில் வெள்ளைத்தாள் விரித்து, தினமும் மாற்றுங்கள். தாளை எடுப்பதற்குமுன் அரை நிமிடம் பாருங்கள். பறவையின் எச்சத்தில் மூன்று பகுதிகள் இருக்கும்: உருவமுள்ள மலம், வெள்ளையான யூரிக் அமிலப் படிவு, தெளிந்த நீர். கீரை, பழம் கொடுத்த அன்று நீர்ப்பகுதி கூடும், மலம் பச்சையாகும். கேரட், பீட்ரூட் கொடுத்தால் நிறம் மாறும். அதெல்லாம் மறுநாள் சரியாகிவிடும்.

சரியாகாவிட்டால்தான் யோசிக்க வேண்டும். வெள்ளைப்பகுதி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் கல்லீரல் கோளாறாக இருக்கலாம். முழு விதைகள் செரிக்காமல் வெளிவந்தால் செரிமானப் பாதையில் நோய். அப்படிப்பட்ட கேனரி நாள் முழுக்கத் தின்றுகொண்டே இளைத்துக்கொண்டே போகும். எச்சத்தின் எண்ணிக்கை குறைந்து, கரும்பச்சையாகச் சிறுத்தால் பறவை சாப்பிடவில்லை. எச்சத்துவாரத்தைச் சுற்றியுள்ள இறகுகள் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தால் அது வயிற்றுப்போக்கு.

கோழிக்கு ஒரு விதிவிலக்கு. நாளில் சில தடவை அது பழுப்பு நிறத்தில், குழம்பாக, கடும் நாற்றத்தோடு எச்சமிடும். குடல்வாலிலிருந்து வருவது அது, முற்றிலும் இயல்பானது. அடைக்கோழி நாளுக்கு ஒன்றிரண்டு முறை மட்டும் எழுந்து பெரிய கட்டியாகப் போடும், அதுவும் சரிதான்.

குஞ்சுகளின் எச்சத்தில் ரத்தத்தைப் பார்த்தால் அன்றைக்கே செயல்படுங்கள். மூன்று முதல் ஆறு வார வயதில் ரத்தக்கழிச்சல் அதிகம் தாக்கும். சிறகைத் தொங்கவிட்டு, தலையை உள்ளே இழுத்துக்கொண்டு குஞ்சு குறுகி நிற்கும். ஈரமான தரையில் இந்த ஒட்டுண்ணி வேகமாகப் பெருகுவதால், மருந்து கொடுப்பதோடு தரையையும் காயவைத்தாக வேண்டும்.

கோழியின் கொண்டை வெளுத்திருக்கிறது. என்ன காரணம்?

முட்டையிடும் பருவத்துக்கு வராத இளங்கோழி, அடைக்கோழி, இறகு உதிர்க்கும் கோழி ஆகியவற்றுக்குக் கொண்டை வெளிறிச் சிறுத்திருப்பது இயல்பு. முட்டையிட்டுக்கொண்டிருக்கும் கோழிக்குக் கொண்டை வெளுத்தால் ரத்தம் குறைகிறது. குடற்புழு, ரத்தம் குடிக்கும் செள்ளு, உள்ளே ரத்தப்போக்கு என்று காரணம் தேடுங்கள். நீலம் பாரித்தால் ஆக்சிஜன் போதவில்லை; அது அவசரம். கொண்டையிலும் தாடியிலும் பருக்கள் எழும்பிக் கரும்பொருக்குகளாக மாறினால் கோழியம்மை. கொசு மூலம் வருவது, பல கோழிகள் சில வாரங்களில் தேறிவிடும். ஆனால் வாய்க்குள்ளும் மஞ்சள் படலம் படர்ந்தால் தீனி எடுக்க முடியாது, மூச்சும் அடைக்கும்.

கழுத்தடியில் பந்துபோல வீங்கியிருக்கிறது. கட்டியா?

அது தீனிப்பையாக இருக்கும். மாலையில் நிறைந்திருப்பதும் காலையில் காலியாக இருப்பதும்தான் முறை. அதனால் விடியற்காலையில், தீனி போடுவதற்குமுன் தொட்டுப் பாருங்கள். காலையிலும் கெட்டியாக இருந்தால் நீளமான புல்லோ நாரோ அடைத்திருக்கிறது. தண்ணீர் நிரப்பிய பைபோலத் தளதளத்து, வாயில் புளித்த வாடை அடித்தால் உள்ளே பூஞ்சைத் தொற்று இருக்கலாம். தலைகீழாகப் பிடித்து வாந்தியெடுக்க வைக்காதீர்கள். அந்த நீர் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

அடைக்கோழியா நோய்க்கோழியா என்று எப்படிச் சொல்வது?

கையை நீட்டுங்கள். அடைக்கோழி உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு, உறுமி, கொத்த வரும். நோய்க்கோழி எதிர்ப்புக் காட்டாமல் கிடக்கும். இதேபோல மண்ணில் ஒருக்களித்துப் படுத்துச் சிறகை விரித்துக் கிடக்கும் கோழியைப் பார்த்துப் பலர் பதறுகிறார்கள். அது மண்குளியல் செய்கிறது, அல்லது வெயில் காய்கிறது. கிட்டே போனால் எழுந்து உதறிக்கொண்டு நடந்துவிடும்.

முட்டையிடாமல், நிமிர்ந்து நின்று முக்குகிறது. என்ன செய்வது?

வாலைத் தாழ்த்தி, உடம்பைச் செங்குத்தாக நிமிர்த்தி, அடிக்கடி முட்டையிடும் இடத்துக்குப் போய்வந்து முக்கினால் முட்டை சிக்கிக்கொண்டிருக்கலாம். வெதுவெதுப்பான நீரில் அடிவயிறு நனையும்படி இருபது நிமிடம் உட்காரவைத்து, துவட்டி, இருட்டான அமைதியான இடத்தில் விடுங்கள். சில மணி நேரத்தில் முட்டை வராவிட்டால் மருத்துவர்தான். வயிற்றை அமுக்கவே கூடாது. முட்டை உள்ளே உடைந்தால் உயிருக்கு ஆபத்து. பெண் கேனரிக்கும் இது வரும். கூண்டின் தரையில் உப்பி உட்கார்ந்திருக்கும், ஒரு நாளுக்குள் இறந்துவிடக் கூடும். அதற்கு வெப்பமும் ஈரக்காற்றும் உடனே வேண்டும்.

முட்டை குறைவது மட்டும் நோய்க்குறி அல்ல. பகல் நீளம் குறைந்தாலும் இறகு உதிர்த்தாலும் வயதானாலும் குறையும். தோல்முட்டையும் சுருங்கிய ஓடும் தொடர்ந்து வந்தால் கால்சியத்தைக் கவனியுங்கள். பல கோழிகளுக்கு ஒரே நேரத்தில் அப்படி வந்தால் அது தொற்றுநோயாக இருக்கலாம்.

நொண்டுகிறது, கழுத்து திருகிக்கொண்டது. இரண்டும் ஒரே நோயா?

இல்லை. நொண்டும் கோழியின் உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் கரும்பொருக்கும் சுற்றிலும் வீக்கமும் இருந்தால் சீழ்க்கட்டு. சில மாத வயதுக் கோழி ஒரு காலை முன்னும் மற்றதைப் பின்னும் நீட்டிப் படுத்தால் மேரெக்ஸ் என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். அதற்கு மருந்து இல்லை. பிறந்த முதல் நாளில் போடும் தடுப்பூசிதான் காப்பு. குஞ்சின் கால்விரல்கள் உள்ளே சுருண்டால் பி2 வைட்டமின் குறைவை யோசிக்கலாம்.

கழுத்து திருகி, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, மூச்சும் திணறினால் வெள்ளைக்கழிச்சல். ராணிக்கெட், நியூகாசில் என்றெல்லாம் சொல்வது இதைத்தான். ஒரு கோழியில் பார்த்த அன்றே மற்றவற்றுக்கும் தொற்றியிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கும் தடுப்பூசி உண்டு. நோய் வருமுன் போட்டால்தான் பயன்.

செள்ளு இருக்கிறதா என்று பகலில் தேடினால் கிடைக்கவில்லையே?

சிவப்புச் செள்ளு பகலில் பறவையின் மேல் இருக்காது. குச்சியின் முனையிலும் கூண்டின் இடுக்குகளிலும் ஒளிந்திருந்து இரவில் ஏறி ரத்தம் குடிக்கும். கேனரிக் கூண்டை இரவில் வெள்ளைத்துணியால் மூடி, விடியுமுன் துணியின் உட்புறத்தைப் பாருங்கள்; சிவப்புப் புள்ளிகள் நகர்ந்தால் அதுதான். இரவில் டார்ச்சோடு கோழிக்கூண்டின் குச்சிகளுக்கு அடியில் பாருங்கள். ரத்தம் குடிக்காமலே பல மாதம் உயிரோடு இருக்கும் என்பதால், பறவைக்கு மட்டும் மருந்து போட்டால் போதாது, கூண்டைத்தான் முக்கியமாகச் சுத்தம் செய்ய வேண்டும்.

காலில் செதில்கள் தூக்கிக்கொண்டு தடித்தால் அது செதிலுக்கு அடியில் வாழும் வேறு வகைச் செள்ளு. செதிலைப் பிய்க்காதீர்கள். கோழிக்கு வாசலின் தடவலாம். கேனரியின் இறகில் எண்ணெய்ப்பசை பட்டால் உடல் வெப்பம் போய்விடும், அதற்கு மருத்துவர் தரும் சொட்டு மருந்தே நல்லது.

கிண்ணம் நிறையத் தீனி இருக்கிறது, கேனரி இளைக்கிறதே?

கிண்ணத்தின்மேல் மெல்ல ஊதுங்கள். கேனரி விதையை உடைத்துத் தின்றுவிட்டு உமியை அங்கேயே விட்டுவிடும். மேலே தெரிவது வெறும் உமியாக இருக்கலாம். ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்தாலே கேனரியின் உயிருக்கு ஆபத்து.

மருத்துவரிடம் போகும்வரை வீட்டில் என்ன செய்யலாம்?

தனியாக வையுங்கள், வெதுவெதுப்பாக வையுங்கள், தொந்தரவு செய்யாமல் விடுங்கள். கேனரிக்குக் கூண்டின் ஒரு பக்கம் மட்டும் 29 முதல் 32 டிகிரி செல்சியஸ் சூடு இருக்கட்டும். சூடு தாங்காவிட்டால் மறுபக்கம் நகர இடம் வேண்டும். சிறகை விரித்து வாயைத் திறந்தால் சூடு அதிகம். தண்ணீரையும் தீனியையும் தலைமாட்டிலேயே வையுங்கள். வாயில் வலுக்கட்டாயமாகத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். பிடிக்கும்போது மார்பை இறுக்காதீர்கள். பறவைக்கு உதரவிதானம் இல்லை, மார்பெலும்பு அசைந்தால்தான் மூச்சே.

மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக்கைக் கொடுப்பது இந்தப் பக்கத்திலேயே நாங்கள் மிகவும் வருந்தித் தடுக்கும் விஷயம். வைரஸுக்கும் செள்ளுக்கும் புழுவுக்கும் அது வேலை செய்யாது, நோயறியும் சோதனையையும் குழப்பும், கோழியாக இருந்தால் முட்டையிலும் தங்கும். மருந்து கொடுத்தபின் எத்தனை நாள் முட்டையைச் சாப்பிடக் கூடாது என்று மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். போகும்போது புது எச்சம் படிந்த தாளையும் எடைக் குறிப்பையும் கொண்டுபோங்கள்.

கேனரியும் கோழியும் ஒரே வீட்டில் இருக்கலாமா?

இருக்கலாம், ஆனால் பாத்திரம், குச்சி, தீனி எதுவும் பொதுவாக இருக்கக் கூடாது. சிவப்புச் செள்ளு இரண்டையும் கடிக்கும், வெள்ளைக்கழிச்சல் கிருமி கேனரியையும் தொற்றும். நலமான பறவையை முதலில் கவனியுங்கள், நோயுற்றதைக் கடைசியில். நடுவில் கை கழுவி, செருப்பை மாற்றுங்கள். புதிதாக வரும் பறவையை ஒரு மாதம் தனியே வைத்துப் பார்த்துவிட்டுச் சேர்த்துவிடுங்கள்.

நோய் எங்களுக்கும் தொற்றுமா?

சில தொற்றும். நலமாகத் தெரியும் கோழிகூட சால்மோனெல்லா என்ற குடல்நோய்க் கிருமியைச் சுமக்கலாம், அதனால் குழந்தைகள் கோழியை முத்தமிடக் கூடாது, தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். காய்ந்த எச்சத்தைப் பெருக்கித் தூசி கிளப்பாமல், தண்ணீர் தெளித்து அள்ளுங்கள்.

பல கோழிகள் ஒரே நேரத்தில் திடீரென இறந்தால், தலை வீங்கி, கொண்டை நீலமாகி, கால்களில் ரத்தத் திட்டுகள் தெரிந்தால் பறவைக் காய்ச்சலாக இருக்கலாம். எதையும் வெறுங்கையால் தொடாமல், எந்தப் பறவையையும் வெளியே கொண்டுபோகாமல், கால்நடைத் துறைக்கு உடனே தகவல் கொடுங்கள்.

இறந்த பறவையை உடனே புதைத்துவிடலாமா?

மற்றப் பறவைகள் இருந்தால் காரணம் தெரிய வேண்டும். கையுறை போட்டு, இரட்டைப் பையில் கட்டி, சாப்பாட்டுப் பொருள் இல்லாத குளிர்பெட்டியில் பனிக்கட்டிப் பொட்டலங்களோடு வையுங்கள். உறையவைக்க வேண்டாம், திசுக்கள் சிதைந்து சோதனை கடினமாகும். ஒரு நாளுக்குள் பிரேதப் பரிசோதனைக்குக் கொடுத்தால் பதில் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. சோதனை இல்லையென்றால், நாயும் பூனையும் தோண்டாத ஆழத்தில், கிணற்றுக்கும் நீர்நிலைக்கும் தள்ளிப் புதைத்து மேலே சுண்ணாம்பு தூவுங்கள்.